சைட்டை விடுங்க, காலைப் பாருங்க: ஏர் ரைஃபிள் கேள்வி பதில்

கேள்வி: ஆறு மாதமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறேன். ஒரு நாள் நன்றாக விழுகிறது, மறுநாள் தாளெல்லாம் சிதறிக் கிடக்கிறது. குறி பார்க்கிற சைட்டைத் திருகித் திருகி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். வேறு துப்பாக்கி வாங்கித் தரச் சொல்லி அப்பச்சியிடம் கேட்கட்டுமா? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

அப்பச்சியைக் கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்க விடுங்கள் தம்பி. முதலில் சைட்டிலிருந்து கையை எடுங்கள். ஒரு குண்டு இடப்பக்கம் போனதும் நாலு கிளிக் திருப்புவது, அடுத்தது வலப்பக்கம் போனால் மறுபடி திருப்புவது என்று போனால் நாள் முழுக்க உங்கள் தப்பை நீங்களே துரத்திக்கொண்டிருப்பீர்கள். புதுத் தாளில் எதையும் தொடாமல் ஐந்து குண்டு. அப்படி நாலு தாள். ஐந்தும் ஓரிடத்தில் கூடி, கூடின இடம் மட்டும் மையத்தை விட்டுத் தள்ளியிருந்தால் அது சைட் வேலை, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். சிதறினால் அது உங்கள் வேலை.

சிதறின தாளைத் தூக்கிப் போடாதீர்கள். மேலும் கீழுமாக வரிசை பிடித்திருந்தால் பெரும்பாலும் மூச்சு, இல்லையென்றால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் படுகிறது. மூச்சை விட்ட பிறகு, அடுத்ததை இழுக்கும் முன் தானாகவே ஒரு சின்ன இடைவெளி வருமே, அதில் சுட வேண்டும். ஏழெட்டு வினாடியில் டிரிகர் விழவில்லையா, இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். போட்டியிலேயே 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், என்ன அவசரம்?

இடவலமாகப் பரவினால் காலைப் பாருங்கள். குறி பார்த்த நிலையில் கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறந்தால் துப்பாக்கி எங்கே பார்க்கிறதோ, அதுதான் உங்கள் உடம்பு போக நினைக்கிற இடம். அது டார்கெட்டுக்கு இடப்பக்கம் இருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது, பின்னங்காலைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். நின்று பழகுகிற இடம் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் தரையாக இருந்தால் இன்னும் வசதி, கட்டைவிரல் பூவின் எந்த இதழில் இருந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டால் மறுநாளும் அதே இதழ்.

இதெல்லாம் ரொம்ப நுணுக்கமாகத் தோன்றலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். முன், பின் இரண்டு சைட்டுக்கும் இடையே 80 செ.மீ. என்றால், முன் சைட் 0.1 மி.மீ. பிசகினால் தாளில் 1.25 மி.மீ. பிசகும். தாளில் 10 என்பதே 0.5 மி.மீ. புள்ளி, ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 2.5 மி.மீ.தான். ஒரு தலைமுடி அசைந்தால் அரை வளையம் போச்சு. அப்புறம், சுட்டதும் எட்டிப் பார்க்காதீர்கள். அப்படியே நின்று, குண்டு எங்கே போயிருக்கும் என்று முதலில் வாயால் சொல்லிவிட்டுப் பிறகு பாருங்கள். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போகிற அன்றைக்குச் சைட்டைத் தொடலாம்.

கேள்வி: வீட்டில் பழைய ஸ்பிரிங் துப்பாக்கி இருக்கிறது. குண்டு போடாமல் டிரிகர் பழகலாமா? மேஜையில் வைத்துச் சுட்டாலும் குறி மாறுகிறதே? (தேவகோட்டை வாசகர்)

குண்டில்லாமல் கூடவே கூடாது. உள்ளே பிஸ்டன் காற்றணை இல்லாமல் போய் முட்டி, ஸ்பிரிங்கும் சீலும் வீணாகும். அந்தப் பயிற்சி அதற்கென்றே வசதி வைத்திருக்கிற மேட்ச் ரைஃபிளுக்குத்தான், அதாவது போட்டித் துப்பாக்கிக்குத்தான். ஸ்பிரிங் துப்பாக்கியில் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே உதறல் ஆரம்பித்துவிடும். மேஜை விளிம்பில் வைத்தால் துள்ளத்தான் செய்யும். உள்ளங்கையை விரித்து அதன் மேல் சும்மா கிடத்துங்கள், இறுக்காதீர்கள். தினமும் ஒரே இடத்தில்.

கேள்வி: மகள் எங்கள் வளவில் பழகுகிறாள். காலையில் சரியாக விழுவது மத்தியானம் ஒரு பக்கமாக நகர்கிறது. (கானாடுகாத்தான் வாசகி)

வெயில்தான் அம்மா. வளவு வானம் பார்த்த முற்றம், வெளிச்சம் மணிக்கு மணி பக்கம் மாறும். முன் சைட்டின் ஒரு ஓரம் பளபளத்தால் கண் இருண்ட பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அதை மையம் என்று நம்பிவிடும். பிள்ளையை முற்றத்தைச் சுற்றியுள்ள நிழலான பத்தியில் நிறுத்தி, டார்கெட் மேல் ஒரே அளவு விளக்கு போடுங்கள். தாளின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர்.

ஒன்று கண்டிப்பாக: முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரிகிற வீடு நம்முடையது, அந்த நேர்கோட்டில் சுடக் கூடாது. அப்பத்தா ஊறுகாய் ஜாடி எடுக்க எந்தக் கதவிலிருந்து வருவார் என்று யாருக்குத் தெரியும்! கதவில்லாத சுவரைப் பார்த்து, எல்லாக் கதவையும் தாழ் போட்டு, டார்கெட்டுக்குப் பின்னால் சாய்ந்த இரும்புத் தகடு வைத்த பெட்டி. வெறும் சுவரில் பட்டால் சுண்ணாம்புப் பூச்சும் போகும், குண்டும் திரும்பி வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மகளுக்கு மட்டுமில்லை, பக்கத்தில் நிற்கிற உங்களுக்கும்.

கேள்வி: எந்த பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) நல்லது? (புதுவயல் வாசகர்)

உங்கள் குழலைத்தான் கேட்க வேண்டும். தட்டைத் தலை பெல்லட்டில் 4.49, 4.50 என்று தலை அளவு மாற்றி நாலு வகை வாங்கி, மணல்மூட்டையில் வைத்துப் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். குழலுக்குப் பிடித்தது தாளில் நெருக்கமாகத் தெரியும், விலை கூடினதாக இருக்க வேண்டியதில்லை. டப்பாவில் போட்டிருக்கிற தயாரிப்பு எண் அதேதானா என்று பார்த்து மொத்தமாக வாங்கிவிடுங்கள். அது ஈயம், வாயில் அடக்கிக்கொண்டு சுடுகிற பழக்கம் வேண்டாம், பணியாரத் தட்டில் கை வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.