பாசிட்ரான் அழிந்தபின் வரும் எலக்ட்ரான்: கேள்வி பதில்

கேள்வி: பாசிட்ரானும் (எலக்ட்ரானின் நேர்மின் எதிர்த்துகள்) எலக்ட்ரானும் சேர்ந்து அழிந்தால் காமாக் கதிர்தானே வரும்? எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது?

பதில்: காமாவும் வரும், பெரும்பாலும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இரண்டு. நமக்கு வேண்டியது, அழிந்துபோன எலக்ட்ரான் விட்ட காலி இடம். அது அணுவின் உள்கூட்டில் (கருவுக்கு அருகிலுள்ள எலக்ட்ரான் அடுக்கில்) இருந்தால் மேலிருந்து ஒரு எலக்ட்ரான் இறங்கி அதை நிரப்பும். மிச்ச ஆற்றலை வாங்கிக்கொண்டு இன்னொன்று வெளியே பாயும். இதுதான் ஓஜே எலக்ட்ரான். அதன் ஆற்றலை அளந்தால் எந்தத் தனிமம் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: சாதாரண எலக்ட்ரான் கற்றையை வைத்தே இதைச் செய்கிறார்களே, பாசிட்ரான் எதற்கு?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. எலக்ட்ரான் கற்றை உள்கூட்டு எலக்ட்ரானை மோதித்தான் வெளியேற்ற வேண்டும். அதற்கு வழக்கமாகச் சில ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் அனுப்புவார்கள். அந்த மோதலில் வேறு எலக்ட்ரான்களும் கூட்டமாகக் கிளம்பும். செம்பின் ஓஜே முகடு (ஆற்றல் வரைபடத்தில் ஓஜே எலக்ட்ரான்கள் குவியும் இடம்) சுமார் 60 எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது; அந்தக் கூட்டத்துக்குள் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். பாசிட்ரான் மோத வேண்டியதே இல்லை, அழிந்தால் போதும். எனவே 20 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவான ஆற்றலில் அனுப்பலாம். அவ்வளவு மெதுவாக வருவது 60 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் எலக்ட்ரானைத் தட்டிவிட முடியாது. முகடு ஏறக்குறைய சுத்தமான பின்னணியில் நிற்கும். காமாக் கதிர் கிளப்பும் எலக்ட்ரான்கள் கொஞ்சம் தொல்லை தரும், அவ்வளவுதான். அலெக்ஸ் வைஸ் குழு இதை 1988இல் செய்து காட்டியது.

கேள்வி: மேல் அடுக்கு மட்டும்தான் தெரியுமாமே?

பதில்: கிட்டத்தட்ட அப்படித்தான். உலோகத்துக்குள் போன பாசிட்ரான் வேகமிழந்து, பரவி, மேற்பரப்புக்கே திரும்பி, அதற்குச் சற்று வெளியே உள்ள ஆற்றல் பள்ளத்தில் சிக்கும். அங்கிருந்து அது எட்டுவது முதல் அடுக்கு அணுக்களைத்தான். ஆனால் மேலே ஒரு அடுக்கு அழுக்குப் படிந்தாலும் நீங்கள் பார்ப்பது அந்த அழுக்கைத்தான். நல்ல வெற்றிடம் இல்லாமல் இறங்காதீர்கள்.

கேள்வி: எல்லாப் பாசிட்ரானும் பயன்படுமா?

பதில்: இல்லை. அணுக்கருவின் நேர்மின்னூட்டம் விலக்குவதால் உள்கூட்டு எலக்ட்ரானோடு அழிபவை சில சதவீதம்தான். பல பாசிட்ரான்கள் ஒரு எலக்ட்ரானோடு ஜோடி சேர்ந்து பாசிட்ரோனியமாகப் பறந்துவிடும். மாதிரியைச் சூடாக்கினால் அது இன்னும் கூடும்.

கேள்வி: அப்படியானால் அளக்க நாள்கணக்கில் ஆகுமே?

பதில்: பாசிட்ரான் உமிழும் கதிரியக்கத் தனிமமான சோடியம்-22 மூலத்தோடு பொறுமை வேண்டும்தான். ஜெர்மனியில் கார்ஷிங் ஆய்வு உலையின் நெப்போமுக் என்ற பாசிட்ரான் கற்றையில் நொடிக்குச் சுமார் நூறு கோடி மெதுவான பாசிட்ரான்கள் கிடைத்தன. அதில் பல்லேடியத்தின் மேல் படியவைத்த செம்பு, மேல் அடுக்கை விட்டு இரண்டாம் அடுக்குக்கு நகர்வதை நேரப்படியே பார்த்தார்கள். அந்த நகர்வின் கால மாறிலி (நகர்வு எவ்வளவு வேகம் என்பதற்கான அளவு) சுமார் 1.4 மணி நேரம். ஓடும் மாற்றத்தை மேல் அடுக்கில் மட்டும் பின்தொடர்ந்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

கேள்வி: என் மாதிரியில் பூச்சு 50 நானோமீட்டர் தடிமன். இதில் அளக்கலாமா?

பதில்: வேண்டாம். பூச்சின் தோல் மட்டும்தான் தெரியும்.