பட்டறைப் பதில்கள்: பழைய எஸ்யூவியை நம்பி வாங்கலாமா?

கேள்வி: ஒன்பது வருடம் ஓடிய டீசல் எஸ்யூவி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர், ஆல் வீல் டிரைவ், மீட்டரில் 1,40,000 கி.மீ. பெயின்ட் புதுசு போல மின்னுகிறது. புதிய சின்ன கார் விலைக்கே கிடைக்கிறது. வாங்கலாமா? பின்னால் என்ன செலவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். பெயின்டை மட்டும் மறந்துவிடுங்கள்.

வண்டியின் விலை வருடா வருடம் இறங்கும். அதன் பாகங்களின் விலை அப்படி இறங்காது. சின்ன கார் விலைக்கு வாங்கினாலும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போனால் பெரிய வண்டிக்கான பில்தான் வரும். அதனால் பேரம் பேசும் முன் அந்த மாடலை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் போங்கள். டர்போ, இன்ஜெக்டர் செட் (டீசலைப் பீய்ச்சுவது), டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்), கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஆகிய ஐந்துக்கும் பாகத்தின் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூலியைத் தனியாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில இன்ஜின்களில், வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும். செயின் பெரிய விலை இல்லை. அதை மாற்ற இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். அந்த ஐந்தில் இரண்டு ஒரே வருடத்தில் வந்தால் உங்களால் தாங்க முடியாது என்றால், இந்த வண்டி வேண்டாம்.

தாங்கும் என்றால் பார்க்கப் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்து, இன்னொரு நாள் காலையில் போங்கள். தேய்ந்த செயினின் கரகரப்பு பல நேரம் குளிர்ந்த இன்ஜினின் முதல் சில வினாடிகளில்தான் கேட்கும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறதா என்று சோதிக்காமல் மேலே பேசாதீர்கள்.

அடுத்து டயர். என் பட்டறைக்கு ஒருவர், வாங்கி இரண்டே மாதம் ஆன ஆல் வீல் டிரைவ் வண்டியைக் கொண்டுவந்தார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பினால், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வண்டி திக்கியது. மூன்று டயர் பாதிக்கு மேல் தேய்ந்தவை, நான்காவது புத்தம் புதுசு. அந்தப் புது டயரைப் பார்த்துத்தான் அவருக்கு வண்டி பிடித்திருந்தது. சுற்றளவு மாறிய டயரால் டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள கிளட்ச் ஓயாமல் வழுக்கித் தேய்ந்திருந்தது. வாங்கிய சந்தோஷம் வடிவதற்குள் அந்தச் செலவை அவரிடம் சொன்னது இன்னும் என் மனசை உறுத்துகிறது. நீங்கள் நான்கு டயரின் பக்கவாட்டிலும் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் தயாரானது. நான்கும் ஒரே பிராண்டாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும்.

கியர்பாக்ஸ் ஆயிலை "ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால் ஏற்காதீர்கள். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. உங்கள் வண்டி இரண்டு கணக்கையும் தாண்டிவிட்டது. மாற்றிய பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கியர் மாறும்போது உதை இருந்தால் கழிவு கேட்பதிலும் பயனில்லை, விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஸ்கேனரில் ஒரு எரர் கோடும் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீடு) இல்லை என்று காட்டினார்கள். அது போதுமா?

பதில்: போதாது. எரர் கோடுகளை அழிக்க ஒரு நிமிடம் போதும். அதே ஸ்கேனரில் "கோடு அழித்த பின் ஓடிய தூரம்" என்ற அளவு பல வண்டிகளில் கிடைக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். 20, 30 கி.மீ. என்று வந்தால் நேற்றோ இன்றோ அழித்திருக்கிறார்கள். எதற்காக அழித்தார்கள் என்று நேராகவே கேளுங்கள். இரண்டு மூன்று நாள் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்ய ஒத்துக்கொண்டால் மட்டும் முன்பணம் கொடுங்கள்.