அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் மனை: தரகர் சொல்லும் மூன்று லாபங்கள்

கேள்வி: கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில் ஐந்து சென்ட் மனை ஒன்று விலைக்கு வருகிறது. நிலையத்தை ஒட்டிய ஊர்களுக்கு மின்சாரம் இலவசம் என்கிறார் தரகர். அங்கே நிலம் இருந்தால் டிப்ளமோ முடித்த என் மகனுக்கு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்குமாம். புதிய அணு உலைகள் ஓடத் தொடங்கியதும் விலை இரட்டிப்பாகுமாம். முன்பணமாக ஐம்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். என் மனைவிக்கோ கதிர்வீச்சை நினைத்தால் பயம். வாங்கலாமா?
– கோவில்பட்டி வாசகர்

பதில்: முதலில் முன்பணத்தை நிறுத்துங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் மனைவியின் பயத்துக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். நிலையத்தால் பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் கதிர்வீச்சு சேரக்கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. மண், பாறை, விண்வெளி ஆகியவற்றிலிருந்து இயற்கையாகவே நாம் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்கிக்கொள்கிறோம். பக்கத்து மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில், மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் கலந்த மணலால் இந்த இயற்கை அளவு இன்னும் அதிகம். நிலையம் சாதாரணமாக ஓடும்போது அதனால் சேர்வது வரம்பின் சிறு பங்குதான். சுற்றுவட்டாரத்துப் பால், மீன், காய்கறி ஆகியவற்றை எடுத்துச் சோதிப்பதற்கென்றே ஓர் ஆய்வகம் அங்கே இயங்குகிறது. விபத்து நேர்ந்தால் என்ன என்று அவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் தொலைவு வரை, மாவட்ட ஆட்சியர் தலைமையில் அவசரகாலத் திட்டம் இருக்கிறது. அதற்கு மேலும் மனம் ஒப்பவில்லையென்றால் வாங்காதீர்கள். தூக்கம் வராத வீட்டில் என்ன லாபம்?

இனித் தரகருக்கு வருகிறேன்.

இலவச மின்சாரம் என்பது அரைப்பொய். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கோவில்பட்டியில் நீங்களே அதை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அதையே அந்த ஊருக்கு மட்டும் கிடைத்த வரம் போலப் பேசி உங்களிடம் விற்கப் பார்க்கிறார். உலையில் உருவாகும் மின்சாரம் பக்கத்துத் தெருவுக்கு நேராக வந்து இறங்குவதில்லை. 400 கிலோவோல்ட் கம்பிகளில் ஏறி தேசிய மின்தொகுப்புக்குப் போகிறது. கேரளம், கர்நாடகம், புதுச்சேரிக்கும் பங்கு உண்டு, ஏறக்குறைய பாதிதான் தமிழ்நாட்டுக்கு. ஆடி மாதக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைகள் சுழன்று தள்ளும், காற்று ஓய்ந்தால் அவையும் ஓய்ந்துவிடும். எரிபொருள் மாற்றவும் பழுது பார்க்கவும் நிறுத்தும் காலம் தவிர, 1000 மெகாவாட் உலை இரவும் பகலும் ஓடும். நிலையத்தின் உண்மையான பயன் இதுதான். அது சென்னைக்கும் மதுரைக்கும் சேர்த்துக் கிடைக்கும் பயன். மனைப் பத்திரத்தில் அதை எழுதித் தர முடியாது.

வேலை விஷயம்தான் என்னைக் கொதிக்க வைக்கிறது. நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் ஆள் எடுப்பது அறிவிப்பு, இணைய விண்ணப்பம், எழுத்துத் தேர்வு என்ற வழியில். டிப்ளமோ முடித்தவர்கள் ஸ்டைபெண்டியரி டிரெய்னியாகச் சேரலாம். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, முடித்தபின் பணி. இந்த வழியில் எந்த இடத்திலும் தரகருக்கு வேலை இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதை வைத்துத்தான் ஊரை ஏமாற்றுகிறார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். திட்டத்துக்காக அரசு நிலம் எடுத்தபோது நிலத்தை இழந்த குடும்பங்களுக்கு, அறிவிப்பில் சொல்லியிருந்தால், சில பணிகளில் சலுகை உண்டு. 'நிலம் இழந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். நிலம் வைத்திருப்பவருக்கு அல்ல, வாங்குபவருக்கு அல்லவே அல்ல. நில எடுப்புத் தீர்ப்பாணையில், அதாவது இழப்பீட்டை முடிவு செய்த ஆணையில், யார் பெயர் இருக்கிறதோ அவருக்கும் அவரை நம்பியிருந்த குடும்பத்துக்கும் உரியது அது. அந்தக் குடும்பத்திடமிருந்தே மீதி நிலத்தை நீங்கள் வாங்கினாலும் சலுகை பத்திரத்தோடு கைமாறாது. "பெரியவர் பெயரில் சான்றிதழ் இருக்கிறது, உங்கள் பையனை வாரிசாகக் காட்டிவிடலாம்" என்று அடுத்த வாரம் தரகர் சொல்லக்கூடும். அது போலி ஆவணம். மாட்டினால் வழக்கில் உங்கள் மகனும் சிக்குவார். அசல் குடும்பத்துப் பிள்ளைகளே ஆண்டுக்கணக்கில் மனுவோடு அலையும்போது, உங்களுக்கு மட்டும் கதவு திறக்குமா?

விலை இரட்டிப்பாகுமா? முதல் உலைக்கு 2002இல் கான்கிரீட் போட்டார்கள். வணிக உற்பத்தி தொடங்கியது 2014 டிசம்பர் 31இல். இரண்டாவது 2017 மார்ச் 31இல். மூன்றிலிருந்து ஆறு வரையிலான உலைகளின் பணிகளைப் பார்த்துவிட்டு, அவை முடியும் என்று சொல்லப்படும் தேதிகளை நம்பி வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். கட்டுமானம் நடக்கும்வரை ஒப்பந்தத் தொழிலாளர்களால் வாடகை ஏறும். வேலை முடிந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். நிரந்தர ஊழியர்களுக்குச் செட்டிகுளத்தில் குடியிருப்பு இருக்கிறது.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது: அந்த ஆறு கிலோமீட்டரை எங்கிருந்து அளந்தார்? தரகர்கள் சாலையில் வண்டியின் மீட்டரைப் பார்த்துச் சொல்வார்கள். பாதுகாப்பு மண்டலங்களை உலையிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். சாலை வளைந்து போகிற இடத்தில் ஆறு என்பது நேர்கோட்டில் ஐந்துக்குள் வந்துவிடலாம். உலையைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டர் அளவில் யாரும் குடியிருக்க முடியாது. அதற்கு வெளியே ஐந்து கிலோமீட்டர் வரை ஊர்கள் இயல்பாக வளரலாம், மக்கள்தொகையைத் திடீரெனப் பெருக்கும் புதிய நகர்களுக்கும் ஆலைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. அங்கே போய் 'குட்டி நகரம் வருகிறது' என்று வண்ணத் துண்டறிக்கை அடிக்கிறார்கள்!

இந்த மண்டலம் வில்லங்கச் சான்றில் வராது. பட்டாவிலும் வராது. வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் ஊராட்சிக்குப் போகச் சொல்வார்கள், ஊராட்சியில் கேட்டால் நகர் ஊரமைப்புத் துறையைக் காட்டுவார்கள். மக்கள் உயிரையும் காசையும் தொடும் ஒரு வரைபடத்தைச் சார்பதிவாளர் அலுவலகச் சுவரில் ஒட்டி வைக்க எத்தனை ரூபாய் ஆகும்? சலித்துக்கொள்ளாமல், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் கேளுங்கள்; பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

மனைப்பிரிவு அங்கீகார எண்ணையும் கேட்டு வாங்குங்கள். "பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றால், அங்கீகாரம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாக வந்து, வீடு கட்டிக் குடியிருக்கத்தான் வேண்டும் என்றால் வாங்கலாம். அப்போதும் முன்பணத்தைத் தரகர் கையில் கொடுக்காமல் நில உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். மகனை இன்றைக்கே தேர்வுக்குப் படிக்க உட்காரச் சொல்லுங்கள். அறிவிப்புகள் கழகத்தின் இணையதளத்தில் வரும்.