பசங்க ஓடியாடுற புல்தரைய விதையிலிருந்தே வளர்க்கலாம்: கடலூர், பாண்டி பக்கத்துக்கு கேள்வி பதில்

புல்தரை பத்தி ரொம்ப பேர் கேட்டுட்டே இருக்கீங்க, எல்லாத்துக்கும் ஒரே மூச்சுல பதில் சொல்லிடுறேன். பாண்டி, பாகூர், கடலூர் பக்கம் வீட்டுத்தோட்டம் போட்டுக்குடுக்குறதுதான் நம்ம வேலை, அதனால இங்க சொல்றது எல்லாமே நம்ம மண்ணுக்கும் நம்ம வெயிலுக்கும்தான். பசங்க கிரிக்கெட் ஆடணும், நாய் ஓடணும், சாயங்காலம் தாத்தா பாட்டி சேர் போட்டு உக்காரணும், அந்த மாதிரி தரைக்கு என்ன பண்ணணுமோ அத மட்டும் பேசுவோம்.

லாஸ்பேட்டை: அண்ணா, வீட்டுக்கு பின்னாடி 1000 சதுர அடி சும்மா கிடக்கு. ரெண்டு பசங்களும் லீவு நாள்னா அங்கதான். நர்சரில கேட்டா கொரியன் புல் ஷீட் போடுங்க, விதை போட்டா வராதுன்னு சொல்றாங்க. நிஜமா?

பதில்: விதை நல்லாவே வரும்மா. கொரியன் புல் பாக்க மெத்துனு அழகா இருக்கும், ஆனா வளர்ச்சி ரொம்ப மெதுவு. ஓடி ஓடி ஒரு இடம் தேஞ்சுபோச்சுன்னா அது மறுபடி மூடுறதுக்கு மாசக்கணக்குல ஆகும், அதுக்குள்ள பசங்க பக்கத்து இடத்தையும் தேச்சுடுவாங்க. உங்களுக்கு வேண்டியது பெர்முடா, அதாவது நம்ம அருகம்புல் தான். பிள்ளையாருக்கு சாத்துறோமே அதே இனம், அதுல புல்தரைக்குன்னு தேர்ந்தெடுத்த ரகம். கல்யாணத்துல "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி"ன்னு வாழ்த்துறாங்க பாருங்க, அந்த வேரோடுறதுதான் இங்க விஷயமே. தரைக்கு மேலயும் கொடி ஓடும், மண்ணுக்கு அடியிலயும் தண்டு ஓடும், அதனால மேல எவ்வளவு மிதிச்சாலும் அடியிலிருந்து எழும்பி வந்துடும். 1000 சதுர அடிக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ விதை தாராளம். உமி நீக்கின விதையா கேட்டு வாங்குங்க, சீக்கிரம் முளைக்கும். உமியோட இருக்குறதுன்னா கூடுதலா ஒரு வாரம் பிடிக்கும், விதையும் கொஞ்சம் அதிகமா போடணும்.

வில்லியனூர்: சார், மச்சான் பாரீஸ்லருந்து வரும்போது ரெண்டு கிலோ புல் விதை கொண்டாந்துருக்காரு, கவர்ல பசங்க ஃபுட்பால் ஆடுற படம் போட்டிருக்கு, எவ்வளவு மிதிச்சாலும் தாங்கும்னு எழுதிருக்காம். போடலாமா?

பதில்: மச்சான் ஆசையா கொண்டாந்தது, ஆனா போடாதீங்க சார். அது பெரும்பாலும் ரை கிராஸ், கூட ஃபெஸ்க்யூ கலந்திருக்கும், ரெண்டுமே குளிர் நாட்டுப் புல். குளிர் நாட்டுல மிதிக்கு தாங்குறதுல ரை கிராஸ மிஞ்ச ஆள் கிடையாது, விம்பிள்டன் டென்னிஸ் கோர்ட்டுல 2001லருந்து முழுக்க அதுதான் போடுறாங்க. அங்க செப்டம்பர்லயோ வசந்த காலத்துலயோ சதுர மீட்டருக்கு 35லருந்து 50 கிராம் வரைக்கும் தூவுவாங்க, நாம அருகுக்கு போடுறது வெறும் 5லருந்து 10 கிராம், அதுலயே தெரியும் ரெண்டும் வேற வேற ஜாதின்னு. இங்க அத மார்கழில போட்டா ஒரே வாரத்துல பச்சைப்பசேல்னு வந்து நிக்கும், எல்லாரும் பாராட்டுவாங்க, பங்குனி சித்திரை வெயில் வந்ததும் மஞ்சளாகி மொத்தமா போயிடும். ஆன்லைன்ல "லான் சீட்"னு மொட்டையா விக்கிறதுலயும் இதே தொல்லை இருக்கு, பாக்கெட் பின்னாடி பேர படிங்க. சைனோடான் டாக்டிலான்னு (அருகோட அறிவியல் பேர்) இருந்தா வாங்குங்க. லோலியம் (ரை கிராஸ்), ஃபெஸ்டுக்கா (ஃபெஸ்க்யூ)ன்னு இருந்தா வச்சிட்டு வந்துடுங்க.

கடலூர் மஞ்சக்குப்பம்: எந்த மாசம் விதைக்கிறது? மழை ஆரம்பிச்சதும் போட்டா தண்ணி ஊத்துற வேலை மிச்சம்தானே?

பதில்: ஐப்பசி கார்த்திகைல மட்டும் வேணாம்க. அருகு விதை ரொம்ப பொடிசு, ஒரு கிலோல முப்பது லட்சத்துக்கு மேல இருக்கும், நம்ம ஊர் வடகிழக்கு மழை ஒரு அடி அடிச்சா எல்லாம் அடிச்சிட்டு போய் காம்பவுண்டு ஓரத்துல ஒதுங்கி அங்க மட்டும் முளைக்கும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலப்ப பாண்டில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அதுல விதை என்ன, மண்ணே நிக்கல. ஆடிலருந்து ஆவணி கடைசிக்குள்ள போட்டுட்டா பெருமழைக்கு முன்னாடி வேர் பிடிக்க ஏழெட்டு வாரம் கிடைக்கும், மண்ணும் நல்ல சூடா இருக்கும், சாயங்கால இடி மழையும் அப்பப்ப கைகுடுக்கும். அத விட்டுட்டா பொங்கல் முடிஞ்சு தை மாசி. அப்ப ராத்திரி குளுர்ல முளைப்பு கொஞ்சம் லேட்டாகும், ஆனா களை கம்மி. சித்திரைல போட்டா தண்ணி ஊத்தியே ஓஞ்சுபோவீங்க.

நெல்லிக்குப்பம்: அண்ணே, போன வருஷம் விதைச்சோம், வந்துச்சு, ஆனா மூணு மாசத்துல பாதி கோரை ஆயிடுச்சு. வயல மூடி போட்ட மனை. இந்த தடவை என்ன பண்ணா சரியா வரும்?

பதில்: இதுக்கு நீளமா சொல்றேன் தம்பி, ஏன்னா முக்கால்வாசி புல்தரை கெட்டுப்போறது இங்கதான். எல்லாரும் நல்ல விதை எங்க கிடைக்கும்னு தேடுறாங்க, மண்ணுக்கு ஒரு நாள் கூட குடுக்க மாட்டேங்குறாங்க. விதைக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே வேலைய ஆரம்பிச்சிடணும்.

முதல்ல முக்கால் அடி ஆழத்துக்கு கொத்துங்க. வயல மூடின மனைன்னா மேல ரப்பீஷ் கொட்டிருப்பாங்க, செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி, கண்ணாடி எல்லாம் வரும், ஒண்ணு விடாம பொறுக்கணும், பசங்க வெறுங்காலோட ஓடப்போற இடம். கோரைய மேல பிடிச்சு இழுத்தா தழை மட்டும்தான் கைல வரும். மண்ண புரட்டிப் பாருங்க, கருப்பா சின்னச் சின்ன கிழங்கு, ஒண்ணுலருந்து நூல் மாதிரி ஒரு வேர் போய் அடுத்த கிழங்கு, அதுலருந்து இன்னொண்ணு. உடைச்சா உள்ள வெள்ளையா நல்ல வாசனை அடிக்கும், நாட்டு மருந்து கடைல கோரைக்கிழங்குன்னு விக்கிறதே அதுதான். நூல் அறுந்து ஒரு கிழங்கு உள்ள நின்னாலும் திரும்ப வரும். அதனால கொத்தி சமன் பண்ணிட்டு விதைக்காம வெறும் தண்ணி மட்டும் விடுங்க. பத்து பதினஞ்சு நாள்ல உள்ள நிக்கிற கோரையும் களை விதையும் தலை காட்டும், கிழங்கோட எடுங்க. மறுபடி தண்ணி, மறுபடி எடுங்க. இந்த ரெண்டு சுத்துக்கு பொறுமை இருந்தா பாதி ஜெயிச்சாச்சு. களைக்கொல்லி அடிக்கலாமான்னு கேப்பீங்க. கிளைபோசேட்ட பூச்சிக்கட்டுப்பாடு ஆபரேட்டருங்க தவிர யாரும் அடிக்கக்கூடாதுன்னு 2022லயே மத்திய அரசு உத்தரவு போட்டாச்சு, குழந்தைங்க புரள்ற இடத்துக்கு எனக்கும் அதுல மனசு வராது. கைல எடுக்குறதுதான்.

அப்புறம் உங்களது களிமண், மழைல தண்ணி நிக்கும். மேல ரெண்டு இன்ச் ஆத்து மணலும் செம்மண்ணும் கலந்து போடுங்க, 1000 சதுர அடிக்கு ஒன்றரை யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 100 கன அடி) கொஞ்சம் மேல வரும். நல்லா மக்கின தொழு உரம் 300 கிலோ, சூப்பர் பாஸ்பேட் ஒரு 4 கிலோ, எல்லாத்தையும் மேல் மண்ணுல கலந்துடுங்க. மக்காத சாணி போட்டா களை விதையும் வேர்ப்புழுவும் சேந்து வரும். வீட்டுலருந்து வெளிப்பக்கமா 10 அடிக்கு 2 இன்ச் வாட்டம் குடுங்க, கொத்தனார் பூசுறதுக்கு வச்சிருக்குற மட்டக்கட்டைய வாங்கி இழுத்துப் பாத்தா மேடு பள்ளம் உடனே தெரியும். கடைசியா தண்ணி விட்டு ரெண்டு மூணு நாள் அமுங்க விட்டு, பள்ளம் விழுந்த இடத்த நிரப்பி, ரேக்கால மேலாப்புல கீறி விடுங்க. கோரிமேடு, கேப்பர் மலை பக்கத்து செம்மண்காரங்களுக்கு மணல் வேணாம், தொழு உரத்த ரெண்டு மடங்கு போடுங்க, அது போதும்.

அரியாங்குப்பம்: விதைய எப்படி தூவுறது, எவ்வளவு ஆழம்?

பதில்: ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு காஞ்ச மணல் கலந்துக்குங்க. அத ரெண்டா பிரிச்சு, பாதிய கிழக்கு மேற்கா நடந்து தூவுங்க, மீதிய வடக்கு தெற்கா. காத்து இல்லாத காலைல பண்ணுங்க, பத்து மணிக்கு மேல கடல் காத்து ஆரம்பிச்சா பக்கத்து வீட்டுலதான் புல் முளைக்கும். ரேக்க திருப்பிப் பிடிச்சு லேசா இழுத்துவிட்டா போதும், கால் இன்ச்சுக்கு மேல மண்ணு மூடக்கூடாது. பிளாஸ்டிக் டிரம்ல பாதி தண்ணி ரொப்பி ஒரு தடவை உருட்டுங்க, விதையும் மண்ணும் ஒட்டிக்கும். பூவாளிலயோ ஸ்பிரே முனை போட்ட ஓஸ்லயோ ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை, மேல் மண்ணு காயாத அளவுக்கு மட்டும் தெளிங்க. வெறும் ஓஸ திறந்து விட்டா குழி விழுந்து விதை ஓடிடும். மேல பழைய சாக்கு விரிக்கலாம், முளை தெரிஞ்ச அன்னிக்கே சாயங்காலமா எடுத்துடணும். வைக்கோல் வேணாம், அதுல நிக்கிற நெல்லும் சேந்து முளைக்கும்.

முதலியார்பேட்டை: அக்கா வீட்டுல விதைச்சு 12 நாள் ஆச்சு, ஒண்ணுமே வரல சார். விதை செத்ததா?

பதில்: அவசரப்படாதீங்க. உமி நீக்கின விதை ஏழுலருந்து பதினாலு நாள், உமியோடன்னா மூணு வாரம் வரைக்கும் ஆகும். நின்னுட்டு பாத்தா தெரியாது, காலைல வெயில் சாய்வா விழும்போது தரையோட குனிஞ்சு பாருங்க, தலைமுடிய விட மெல்லிசா பச்சை தெரியும். கூடவே எறும்பு வரிசை போகுதான்னும் பாக்க சொல்லுங்க. நம்ம ஊர்ல விதைய காலி பண்றதுல எறும்புக்குத்தான் முதல் இடம், அப்புறம்தான் மைனாவும் கோழியும். ஓரத்துல சுத்தி வேப்பம் புண்ணாக்கு தூள் போட்டு, புத்து இருந்தா அதுல கொதிக்கிற தண்ணி ஊத்த சொல்லுங்க.

தேவனாம்பட்டினம்: எங்க போர் தண்ணி உப்பு சார். செடிக்கு ஊத்துனா மண்ணு மேல வெள்ளையா பூத்துடுது. அருகு வருமா?

பதில்: வளந்த அருகு உப்ப நல்லா தாங்கும், ஆனா முளை தாங்காது, இத புரிஞ்சுக்கிட்டா வழி இருக்கு. தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர் வச்சு பாருங்க. 1000க்குள்ள இருந்தா யோசிக்கவே வேணாம். 2000 பக்கம் இருந்தா முதல் ஒரு மாசத்துக்கு மட்டும் முனிசிபல் தண்ணியோ புடிச்சு வச்ச மழைத்தண்ணியோ குடுங்க, வேர் பிடிச்ச பிறகு போர் தண்ணிக்கு மாறிக்கலாம். அப்படி மாறினதும் தினம் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்காம, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை நல்லா ஊத்துங்க, உப்பு வேருக்கு கீழ இறங்கிடும். வருஷா வருஷம் ஐப்பசி மழை மீதி உப்ப கழுவிட்டு போயிடும், அதுக்கு மண்ணுல வடிகால் இருக்கணும். 3000, 4000ன்னு காட்டுச்சுன்னா சீஷோர் பாஸ்பலம்னு ஒரு புல் இருக்கு, கடலோரத்துலயே வளர்றது. அது பெரும்பாலும் பதியனாதான் கிடைக்கும்.

பண்ருட்டி: பெரிய பலா மரம் ரெண்டு நிக்குது, அடியில புல் போடணும்.

பதில்: அருகு வராதுங்க. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும் அதுக்கு. பலா மரத்த புல்லுக்காக வெட்டுறது பாவம். மரத்தடில சருகு மூடாக்கு போட்டு ஊஞ்சல் கட்டுங்க, நிழல் ஓரத்துல வேணா பஃபலோ புல் பதியன் போடலாம், புல்தரைய வெயில் பக்கம் வச்சுக்குங்க.

காலாப்பட்டு: முளைச்சு நல்லா வந்துடுச்சு அண்ணா, பசங்கள எப்ப விடலாம்? எப்ப வெட்டணும்?

பதில்: விதைச்ச நாள்லருந்து எட்டு பத்து வாரம் விளையாட விடாதீங்க, இதுதான் பெத்தவங்களுக்கு கஷ்டமான வேலைன்னு தெரியும், கயிறு கட்டி வச்சிடுங்க. ரெண்டு ரெண்டரை இன்ச் உயரம் வந்ததும் முதல் வெட்டு, மேல மூணுல ஒரு பங்கு மட்டும் எடுங்க. கத்தி கூரா இருக்கணும், மொன்னை கத்தி இளம் புல்ல வேரோட பிடுங்கிடும். வெட்ட வெட்டத்தான் மேல போற வேகம் பக்கவாட்டுல திரும்பி கொடி ஓடி அடர்த்தியாகும், அதனால அப்புறம் வாரம் ஒரு தடவை ஒன்றரை இன்ச்ல வெட்டுங்க. முளைச்சு ஒரு மாசம் ஆனதும் புல்லு மேல ஈரம் இல்லாத நேரமா பாத்து அரை கிலோ யூரியா, 1000 சதுர அடிக்கு, தூவிட்டு உடனே தண்ணி. வாரத்துக்கு ஒரு இன்ச் மழை அளவு தண்ணி வேணும், 1000 சதுர அடிக்கு கிட்டத்தட்ட 2360 லிட்டர். கத்திரி வெயில்ல இன்னும் கூடும்.

பாகூர்: பேட்டிங் பண்ற இடமும் பவுலிங் போடுற இடமும் மட்டும் மொட்டையாயிடுச்சு, மறுபடி விதை தூவணுமா?

பதில்: தேவையில்ல. அந்த இடம் இறுகிப்போயிருக்கும், கடப்பாரைய வச்சு அரை அடிக்கு ஒரு குத்து, நாலு இன்ச் ஆழம், குத்தின ஓட்டைல மணலும் தொழு உரமும் தள்ளி தண்ணி விடுங்க. ஸ்டம்ப்ப ஒரு மாசத்துக்கு எதிர்ப்பக்கம் மாத்தி நட சொல்லுங்க. சுத்தி இருக்குற புல்லே கொடி விட்டு மூடிடும். மழை நேரத்துல தண்ணி தேங்கி நிக்கும்போது மட்டும் யாரும் ஆட வேணாம், அப்ப ஆடுற ஒரு மேட்ச் மண்ண சேறாக்கி இறுக்கிடும்.

திருப்பாதிரிப்புலியூர்: நாய் ஒண்ணுக்கு போற இடமெல்லாம் வட்டமா காஞ்சுபோகுது.

பதில்: போன உடனே ஒரு வாளி தண்ணி ஊத்துங்க, காயாது. ஏற்கனவே காஞ்ச வட்டத்த வாரி எடுத்துட்டு ரெண்டு நாள் நல்லா தண்ணி விட்டு, ஓரத்துலருந்து ஒரு கைப்பிடி அருக வேரோட பேத்து நட்டு விடுங்க, மூடிக்கும்.