கோப்ரா நகலும் மாற்று எஞ்சினும்: வாசகர் கேள்வி–பதில்

1960களின் ஸ்போர்ட்ஸ் காரான ஏ.சி. கோப்ராவின் நகல் வண்டி ஒன்றைக் கிட்டாக, அதாவது பாகங்களின் தொகுப்பாக, வாங்கிக் கட்டத் தொடங்கியிருக்கிறேன். சேசிஸ் என்ற அடிச்சட்டமும் ஃபைபர் உடலும் வந்துவிட்டன. பழைய ஃபோர்டு 302 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்), புதிய மஸ்டாங்கின் கொயோட் வி8, 427 என்னும் 7 லிட்டர் எஞ்சின் ஆகிய மூன்றில் எதை வைப்பது? அசல் வண்டிக்கு மரியாதை செய்வது எது?
– வாசகர், ஹாரோ, இங்கிலாந்து

மூன்றில் எதை வைத்தாலும் அசலுக்கு அவமரியாதை ஆகாது. அசல் கோப்ராவே எஞ்சின் மாற்றத்தில் பிறந்த வண்டிதான். சர்ரேயின் தேம்ஸ் டிட்டனில் இருந்த ஏ.சி. கார்ஸ் நிறுவனம் ‘ஏஸ்’ என்ற இரண்டு இருக்கை வண்டியைச் செய்துவந்தது. அதற்கு 2 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கொடுத்துவந்த பிரிஸ்டல் நிறுவனம் 1961-இல் அந்த எஞ்சினைக் கைவிட்டது. அந்த நேரத்தில்தான் அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கேரல் ஷெல்பி, அந்த உடலுக்குள் ஒரு வி8 எஞ்சினை வைக்கலாமே என்று ஏ.சி.க்கு எழுதினார். 1962 பிப்ரவரியில் எஞ்சின் இல்லாமல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த முதல் வண்டியில், கலிபோர்னியாவின் சாண்டா ஃபே ஸ்பிரிங்ஸில் இருந்த டீன் மூனின் பட்டறையில், ஃபோர்டின் 260 கன அங்குல எஞ்சினை எட்டு மணி நேரத்துக்குள் பொருத்திவிட்டார்கள்.

அந்த எட்டு மணி நேரத்தை எல்லோரும் சொல்கிறார்கள். அதைச் சுற்றி ஏ.சி. செய்த வேலையைத்தான் நகல் கட்டுபவர்கள் படிக்க வேண்டும். பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பழைய டிஃபரன்ஷியல் புதிய முறுக்குவிசையைத் தாங்காது என்பதால், ஜாகுவார் இ-டைப்பில் இருந்த சாலிஸ்பரி டிஃபரன்ஷியலைப் போட்டார்கள். அதன் பக்கத்திலேயே இருந்த பின் பிரேக்குகளைச் சக்கரத்துக்கு அருகே நகர்த்தினார்கள். பிறகு எஞ்சின் 289 கன அங்குலமாக வளர்ந்தது. ஸ்டியரிங்கும் பற்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட ரேக் அண்ட் பினியனாக மாறியது. 1965-இல் 427 எஞ்சினை வைத்தபோது பழைய சேசிஸே போதாமல் போயிற்று. 3 அங்குல விட்டமுள்ள முதன்மைக் குழாய்களுக்குப் பதிலாக 4 அங்குலக் குழாய்கள் வந்தன. குறுக்காகக் கிடந்த பட்டை ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக நான்கு சக்கரங்களுக்கும் சுருள் ஸ்பிரிங்குகள் வந்தன. அகன்ற டயர்களுக்காக உடலும் பக்கவாட்டில் புடைத்தது. மாறாமல் நின்றது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே இருந்த 90 அங்குலத் தொலைவு மட்டும்தான். ஆகவே எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது என்பது டிஃபரன்ஷியலையும் பிரேக்கையும் சேசிஸையும் சேர்த்தே தேர்ந்தெடுப்பது.

என் பரிந்துரை 302. இரும்பு எஞ்சினாக இருந்தும் அது சுமார் 210 கிலோதான். 427 அதைவிட ஏறத்தாழ 80 கிலோ கூடுதல், அந்தப் பாரத்தின் பெரும்பகுதி முன் சக்கரங்களின் மேல்தான் ஏறும். கொயோட் அருமையான எஞ்சின். 2011 மஸ்டாங்கில் அது 412 குதிரைத்திறன் தந்தது. ஆனால் ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும் வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம்ஷாஃப்ட்டுகளைச் சுமப்பதால் அதன் தலைப்பகுதி மிக அகலம். ஸ்டியரிங் ஷாஃப்ட், புகைக்குழாய், கால் வைக்கும் பெட்டி மூன்றும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். கிட் தயாரிப்பாளர் அந்த எஞ்சினுக்கென்றே மவுண்ட்டும் புகைக்குழாயும் செய்து தந்தால் ஒழிய, முதல் வண்டியில் அதைத் தொட வேண்டாம். 302-ஐ வாங்கும்போது, அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்பின் வடிவத்தைப் பாருங்கள். பள்ளம் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, இரண்டு பக்கமும் இருக்கிறதா என்பதைப் பொறுத்துச் சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் அது இடிக்கும் அல்லது இடிக்காது. எஞ்சினைத் தொங்கவிட்ட பிறகு இதைக் கண்டுபிடித்தால் ஒரு வார இறுதி முழுவதும் வீணாகும்.

நான் கட்டிய கோப்ரா நகல் ஓடுகிறது. ஆனால் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் இருக்கைக்குக் கீழே ஓர் அதிர்வு. சக்கரங்களை இரண்டு முறை பேலன்ஸ் செய்தும் போகவில்லை. 302 எஞ்சின், ஐந்து கியர் மேனுவல் பெட்டி. எங்கே தேடுவது?
– வாசகர், மெல்பர்ன்

முதலில் அதிர்வு எதனோடு சேர்ந்து போகிறது என்று பிரித்தறியுங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை மட்டும் முடுக்குங்கள். அப்போதும் அதிர்வு வந்தால், குற்றம் எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனச்சக்கரமான ஃப்ளைவீலிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. நின்றபடி அமைதியாக இருந்து, எந்தக் கியரில் போனாலும் அதே 80-இல் அதிர்வு வந்தால், குற்றம் கியர்பாக்ஸுக்குப் பின்னால்.

முதல் வகையாக இருந்தால் 302-க்கே உரிய ஒரு காரணத்தை முதலில் பாருங்கள். ஃபோர்டு 1980களின் தொடக்கத்தில் இந்த எஞ்சினின் சமநிலை எடையை மாற்றியது. எஞ்சினின் சுழல் தண்டான க்ராங்க்கில் பழையதற்கு 28 அவுன்ஸ்-அங்குலம், புதியதற்கு 50. ஃப்ளைவீலும் முன்னால் இருக்கும் பேலன்சரும் க்ராங்க்கின் எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். என் முதல் வண்டிக்கு, பழைய எஞ்சினுக்கானது என்று உறுதி சொல்லி விற்ற ஒரு கடையில் ஃப்ளைவீல் வாங்கினேன். நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளில் பின்காட்சிக் கண்ணாடியில் தெரிந்த உருவம் கலங்கிப்போகும். பத்து நாட்களில் கார்புரேட்டரின் இரண்டு திருகுகள் தாமாகக் கழன்றன. கழற்றிப் பார்த்தால் அதன் எதிரெடை 50-க்கு உரியது. அன்று முதல், வாங்கிய ஃப்ளைவீலை எடைக்கட்டி இருக்கும் பக்கம் திருப்பிப் பார்க்காமல் நான் பொருத்துவதில்லை.

உங்கள் வருணனையைப் பார்த்தால் இரண்டாவது வகையாகவே தெரிகிறது. கோப்ராவில் கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் இடையிலான ஷாஃப்ட் மிகக் குட்டையானது. சாதாரண வண்டியில் ஓர் அங்குல உயர வேறுபாடு நீண்ட ஷாஃப்ட்டில் கரைந்துவிடும். இங்கே அதே ஓர் அங்குலம் கோணத்தைப் பல பாகை ஏற்றிவிடும். ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் வளையும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது, உள்ளே சீராக வரும் சுழற்சி வெளியே ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடியும் குறைந்தும் போகும். முன் ஜாயின்ட் செய்யும் இந்தத் தொல்லையைப் பின் ஜாயின்ட் ரத்து செய்ய வேண்டுமானால், இரண்டு கோணங்களும் சமமாக இருக்க வேண்டும்; ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வண்டியை நான்கு சக்கரங்களில் நிற்கவைத்து, ஓட்டுநர் எடைக்கு இருக்கையில் மணல் மூட்டை வைத்து, காந்தம் ஒட்டிய கோணமானியைக் கியர்பாக்ஸின் பின்முகத்திலும் ஷாஃப்ட்டிலும் டிஃபரன்ஷியலின் முன் ஃபிளாஞ்சிலும் வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் 1 முதல் 3 பாகை இருந்தால் நல்லது. பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது. சற்றாவது கோணம் இருந்தால்தான் உள்ளே இருக்கும் ஊசி உருளைகள் நகர்ந்து எண்ணெயை வாங்கிக்கொள்ளும். இரண்டும் சமமாக இல்லையென்றால் கியர்பாக்ஸ் மவுண்ட்டின் கீழ் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம். மேலே இருந்து பார்க்கும் பக்கவாட்டுக் கோணத்தையும் அளக்க மறந்துவிடாதீர்கள். கால் பெட்டிக்கு இடம் விடுவதற்காக எஞ்சினை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்த கிட்டுகளில் குற்றம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கியர்பாக்ஸைக் கழற்ற நேர்ந்தால் இன்னொன்றையும் செய்யுங்கள். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை ஃப்ளைவீலில் நிறுத்தி, அதன் முனையை, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் நடுத் துளையின் உள்விளிம்பில் தொடவைத்து, க்ராங்க்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். முள் அசையும் மொத்தத் தூரத்தில் பாதிதான் மையம் விலகியிருக்கும் அளவு. அந்தப் பாதி 0.005 அங்குலத்தைத் தாண்டினால் அந்தக் கூட்டை இடத்தில் நிறுத்தும் டவல் பின்களுக்குப் பதிலாக மையம் விலகிய பின்களைப் போட்டுத் திருத்த வேண்டும். வேறு வேறு வண்டிகளிலிருந்து வந்த எஞ்சினும் பெட்டியும் போல்ட் துளைகள் பொருந்துவதாலேயே மையம் பொருந்தியவை ஆகிவிடாது.

ஜெனரல் மோட்டார்ஸின் போண்டியாக் ஃபியரோ கார் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதன் மேல் ஃபெராரி தோற்றமுள்ள ஃபைபர் உடலை ஏற்றி, வலிமையான எஞ்சின் வைக்க ஆசை. வாங்கலாமா?
– வாசகர், டொராண்டோ

எந்த ஆண்டு வண்டி என்று எழுதவில்லையே! ஃபியரோ 1984 முதல் 1988 வரை மட்டுமே வந்தது. எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் குறுக்காக இருப்பதாலும், வெளித்தகடுகள் எல்லாம் உள்கூட்டின் மேல் திருகப்பட்ட பிளாஸ்டிக் என்பதாலும்தான் நகல் கட்டுபவர்கள் இதை விரும்பினார்கள். 1988-க்கு முன் வந்தவற்றின் பின் சஸ்பென்ஷன், ஜெனரல் மோட்டார்ஸின் முன்சக்கர இயக்க வண்டிகளின் முன்பாகத்தை அப்படியே பின்னால் திருப்பி வைத்தது. ஃபியரோவின் முன் சஸ்பென்ஷன் ஷெவெட் என்ற சிறு காரிலிருந்து வந்தது. 1988-இல்தான் சஸ்பென்ஷனைப் புதிதாக வடிவமைத்தார்கள். எஞ்சினைப் பெரிதாக்கும் எண்ணம் இருந்தால் அந்த ஆண்டு வண்டியைத் தேடுங்கள்.

உடல் ஏற்றுவதில் நீளம் முக்கியம். ஃபியரோவின் சக்கர இடைத்தொலைவு சுமார் 2,373 மி.மீ. ஃபெராரி 308-க்கு அது 2,340. ஆகவே அந்த வடிவம் ஏறக்குறைய இயல்பாக உட்காரும். எஃப்355 வடிவத்துக்கு 2,450 வேண்டும். அதற்குச் சேசிஸை வெட்டி நீட்ட வேண்டும். அதை நன்கு அறிந்த வெல்டர் கையில் மட்டுமே கொடுக்கலாம்.

எஞ்சினுக்கு, காற்றை அழுத்தித் தரும் சூப்பர்சார்ஜர் பொருத்திய ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) 3800 வி6 ஒன்றே போதும் என்பேன். 240 குதிரைத்திறன், ஃபியரோவின் கியர்பாக்ஸோடு போல்ட் அமைப்பும் ஒத்துப்போகிறது. எஞ்சினை வாங்கும்போது அதன் கணினியையும் முழு வயரிங்கையும் வெட்டாமல் சேர்த்து வாங்குங்கள். சாவியோடு இணைந்த திருட்டுத் தடுப்பைக் கணினியில் நீக்கினால்தான் எஞ்சின் உயிர் பெறும்.

இங்கிலாந்தில் ஐ.வி.ஏ. என்ற தனி வண்டி ஒப்புதல் சோதனையில் கிட் கார்கள் பெரும்பாலும் எதில் தோற்கின்றன?
– வாசகர், லெஸ்டர்

எஞ்சினில் தோற்பவர்களைவிட விளிம்புகளில் தோற்பவர்களே அதிகம் என்பது நான் பார்த்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களின் முனை குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு உருண்டிருக்க வேண்டும். கண்ணாடித் தாங்கி, ரேடியேட்டர் வாயின் வலை, போல்ட் தலைகள் என ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். கோப்ராவில் பக்கவாட்டுப் புகைக்குழாய் இருக்கிறது. இறங்கும்போது அந்தக் குழாய் கெண்டைக்காலில் போடும் சூட்டுக்குப் ‘பாம்புக்கடி’ என்று உரிமையாளர்கள் பெயர் வைத்ததே அனுபவத்தில்தான். குழாய்க்குக் காப்பு உறை போடுங்கள்.

எஞ்சின் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை: புகைச் சோதனையின் அளவு எஞ்சின் தயாரான காலத்தைப் பொறுத்தது. எஞ்சினின் வயதை நிரூபிக்கும் தாளை வாங்கும் நாளிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். பழைய பாகங்கள் எந்த வண்டியிலிருந்து வந்தன என்பதற்கான ரசீதுகளையும் வைத்திருங்கள். வண்டியின் அடையாளம் உறுதிப்படாவிட்டால் ‘கியூ’ எண்ணில்தான் பதிவு கிடைக்கும்.

நகல் வண்டியில் அசல் நிறுவனத்தின் சின்னத்தை ஒட்டலாமா? யாருக்கு நஷ்டம்?
– வாசகர், சென்னை

ஒட்ட வேண்டாம். அடுத்து வாங்குபவருக்கு நஷ்டம். முதல் கோப்ரா 2016-இல் 1.375 கோடி டாலருக்கு ஏலம் போனது; அசலுக்கு அவ்வளவு விலை இருக்கும்போது பொய்ச் சின்னம் ஏமாற்றுக்கு வாசலைத் திறந்துவிடுகிறது. 2019 ஜூலையில் பிரேசிலின் இட்டாஜாய் நகரில் போலி ஃபெராரி, லம்போர்கினி வண்டிகளைச் செய்துவந்த பட்டறையைப் போலீசார் மூடினார்கள். உங்கள் கையால் கட்டிய வண்டிக்கு உங்கள் பெயர்ப் பலகையே அழகு.

கோவையில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பழைய கார் ஒன்றில் பெரிய எஞ்சின் வைத்து இப்படி ஒரு வண்டி கட்ட முடியுமா, ஐயா?
– மாணவர், கோவை

சாலையில் ஓட்டுவதற்கென்றால் இப்போது இறங்காதீர்கள், தம்பி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனால் உங்கள் ஊரில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது. அதற்குப் பெயர் தந்த கரிவரதன், மாருதி 800 எஞ்சினை ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிக்குள் வைத்துக் காட்டியவர். நீங்கள் கேட்கும் வேலையைத்தான் அவர் தடத்துக்காகச் செய்தார்.

அதே தடத்தில் கல்லூரி மாணவர்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது. 710 சி.சி.க்கு உட்பட்ட எஞ்சினை நீங்களே கட்டிய சேசிஸில் வைக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் அணி இருந்தால் சேருங்கள். சேர்ந்தவுடன் எஞ்சின் மவுண்ட்டும் சங்கிலி நேர்கோடும் பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால், ஒரு பழைய 800 எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரித்து, மவுண்ட் துளைகளின் இடம், எடை, ஷாஃப்ட்டின் உயரம் ஆகியவற்றை அளந்து, சதுரத்தாளில் முழு அளவில் வரையுங்கள். படத்தை எனக்கு அனுப்பினால் எங்கே சட்டம் வர வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.