கம்பெனிப் பெயரை மாற்றுவது எப்படி? நெல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டையில் கம்பெனி செகரட்டரியாக வேலை பார்க்கிறேன். பிரைவேட் லிமிடெட் கம்பெனி, எல்எல்பி (பார்ட்னர்களின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டுத் தொழில்) இவற்றின் பெயர் மாற்றம் பற்றி நம் பக்கத்துத் தொழில்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: கம்பெனிப் பதிவாளரின் புதுச் சான்றிதழ் வரும்வரை பழைய பெயர்தான் உங்கள் பெயர். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதற்கு முன்னால் போர்டு, பில் புத்தகம், பை எதையும் அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து அரிசி ஆலை நடத்துகிறோம், பிரைவேட் லிமிடெட். மூத்தவர் விலகுகிறார். கம்பெனி அவர் பெயரில்தான் இருக்கிறது. பெயரை மாற்றினால் புதுக் கம்பெனி ஆகிவிடுமா? பேங்க் கடன் என்ன ஆகும்?

புதுக் கம்பெனி ஆகாது. பள்ளிச் சான்றிதழில் பெயரைத் திருத்தினால் பிள்ளையின் பிறந்த தேதி மாறுவதில்லை, அது மாதிரிதான். பெயர் மட்டும் மாறும்போது சிஐஎன் (கம்பெனியின் பதிவு எண்), பான், ஜிஎஸ்டி எண்கள் அப்படியே இருக்கும். ஆலை, நிலம், வர வேண்டிய பணம், நெல்லுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, கோர்ட்டில் நடக்கும் வழக்கு எல்லாம் அதே கம்பெனியுடையவை. வழக்கில் புதுப் பெயரைச் சேர்க்க வக்கீல் ஒரு மனு போட்டால் போதும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெயர்ப் பலகையிலிருந்து அண்ணன் பெயர் போவதால் அவர் கம்பெனியை விட்டுப் போனதாக ஆகாது. அவருடைய பங்குகளை எஸ்எச்-4 பத்திரத்தில் மாற்ற வேண்டும். இயக்குநர் பதவியை ராஜினாமா செய்தால் கம்பெனி டிஐஆர்-12 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், பேங்கில் அவர் கொடுத்திருக்கும் தனிப்பட்ட ஜாமீன். பேங்க் எழுத்தில் விடுவிக்கும்வரை அது அவர் தலைமேல்தான் இருக்கும். பேசித் தீர்க்காமல் பெயரை மட்டும் மாற்றிய குடும்பங்களில் பின்னால் மனக்கசப்பு வருவதைப் பார்க்கிறேன். பேங்கிடம் முதலிலேயே போய்விடுங்கள். கடன் ஒப்பந்தத்தில் பெயர் மாற்றத்துக்கு முன்சம்மதம் கேட்கும் வரி பெரும்பாலும் இருக்கும்.

பாளையில் சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருக்கிறேன் சார். என்னென்ன செய்ய வேண்டும், வரிசையாகச் சொல்ல முடியுமா?

சரி, தம்பி. முதலில் இயக்குநர்கள் கூடி, பெயர் மாற்ற முடிவெடுத்து, விண்ணப்பிக்க ஒருவருக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். அடுத்து மத்தியக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில், பெயர் ஒதுக்கும் ‘ரன்’ சேவை வழியாகப் பெயரை ஒதுக்கக் கேட்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய். இரண்டு பெயர் வரை கொடுக்கலாம். பெயர் கிடைத்தால் 60 நாள் உங்களுக்காக நிறுத்தி வைப்பார்கள். இந்த 60 நாள்தான் நெருக்கடி, ஏனென்றால் மீதி வேலை முழுவதும் அதற்குள் முடிய வேண்டும்.

அடுத்தது பங்குதாரர் கூட்டம். முழுதாக 21 நாள் முன்னறிவிப்பு தேவை. சின்னக் கம்பெனி என்றால் பங்குதாரர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிச் சீக்கிரமே கூட்டலாம். அதற்குப் பங்கு மூலதனத்தில் 95 சதவீதமாவது வைத்திருப்பவர்கள், தலை எண்ணிக்கையிலும் பெரும்பான்மையாக, ஒத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற வேண்டும், அதாவது எதிர்த்து விழும் ஓட்டைப் போல மூன்று மடங்காவது ஆதரவு ஓட்டு. பிறகு 30 நாளுக்குள் தீர்மானத்தைத் தெரிவிக்கும் எம்ஜிடி-14 படிவம், அதைத் தொடர்ந்து அனுமதி கேட்டு ஐஎன்சி-24 படிவம். இந்தப் படிவங்கள் இப்போது ஹரியானாவின் மானேசரில் இருக்கும் மத்திய மையத்தில் பரிசீலிக்கப்படுகின்றன, அதனால் இங்கே எந்த ஆபீஸ் படியும் ஏற வேண்டாம். கடைசியில் ஐஎன்சி-25 என்ற புதுச் சான்றிதழ் வரும். அந்தத் தேதியிலிருந்துதான் புதுப் பெயர். மெமோராண்டம், ஆர்டிகிள்ஸ் என்ற கம்பெனியின் அடிப்படை ஆவணங்களின் எல்லாப் பிரதிகளிலும் மாற்றிவிடுங்கள்.

டவுனில் இனிப்புக் கடை, கம்பெனியாகப் பதிந்தது. நாங்கள் விரும்பும் பெயரில் சென்னையில் ஒரு கம்பெனி இருக்கிறதாம். முன்னால் ‘நெல்லை’ என்று சேர்த்துக்கொண்டால் கிடைக்குமா?

கிடைக்காது. இருக்கிற பெயரோடு ஊர்ப்பெயரை மட்டும் சேர்த்தால் அதை வேறு பெயராக விதி கணக்கில் எடுப்பதில்லை. ஒருமை பன்மை மாற்றம், சொற்களை முன்பின் மாற்றிப் போடுவது, எழுத்துக்கூட்டலை லேசாக மாற்றுவது எதுவும் செல்லாது. நம் ஆள்கள் இதில்தான் அடிக்கடி மாட்டுகிறார்கள். தாமிரபரணியை ஆங்கிலத்தில் ‘டி’ போட்டு எழுதினாலும் ‘டிஎச்’ போட்டு எழுதினாலும் காதுக்கு ஒன்றுதானே? ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்தால் இன்னொருவருக்குத் தர மாட்டார்கள். வெறும் ஊர்ப்பெயரை மட்டும் கம்பெனிப் பெயராகக் கேட்டாலும் மறுத்துவிடுவார்கள்.

என் யோசனை: உங்கள் குடும்பத்துக்கோ கடைக்கோ மட்டும் சொந்தமான ஒரு சொல்லைத் தேடுங்கள். அல்வாவும் ஊரும் எல்லோருக்கும் பொது, அவற்றை வைத்து ஒரு பெயரை உங்களுடையதாக நிலைநாட்டுவது கடினம். விண்ணப்பிக்கும் முன் எம்சிஏ தளத்திலும் டிரேட்மார்க் பதிவேட்டிலும் தேடிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் காசில்லாமல் தேடலாம்.

பெயரை மாற்றி ஒரு வருடம் ஆகிறது. இப்போது டிரேட்மார்க் வைத்திருப்பதாகச் சொல்லி ஒருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அரசாங்கமே கொடுத்த பெயர்தானே சார்?

அரசாங்கம் பெயரைக் கொடுத்ததால் டிரேட்மார்க் உரிமையும் சேர்ந்து வந்துவிடாது. சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, பதிவான டிரேட்மார்க்கின் சொந்தக்காரர் 3 வருடத்துக்குள் கம்பெனி விவகார அமைச்சகத்தின் மண்டல இயக்குநரிடம் புகார் செய்யலாம். அவர் பக்கம் உத்தரவு வந்தால் 3 மாதத்தில் பெயரை மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் ‘மண்டல இயக்குநர் உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளோடு வருடம், வரிசை எண், சிஐஎன் சேர்த்து அவர்களே ஒரு பெயரைச் சூட்டிவிடுவார்கள். உழைத்து வளர்த்த தொழிலுக்கு அந்த அவமானம் வேண்டாம். நோட்டீஸை மேசையில் போட்டு வைக்காமல் டிரேட்மார்க் தெரிந்த வக்கீலை இந்த வாரமே பாருங்கள்.

வள்ளியூரிலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருடமாக ஆண்டறிக்கை தாக்கல் செய்யவில்லை. பெயர் மாற்றம் முடியுமா?

முடியாது. நிலுவையை முடித்த பிறகுதான். கணக்குகளுக்கான ஏஓசி-4, ஆண்டறிக்கைக்கான எம்ஜிடி-7 அல்லது சின்னக் கம்பெனிக்கான 7ஏ, இந்தப் படிவங்கள் ஒவ்வொன்றுக்கும் தாமதக் கட்டணம் நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. இன்றைக்கே ஆடிட்டருக்குப் போன் பண்ணுங்கள்.

மேலப்பாளையத்தில் நானும் என் தங்கையும் எல்எல்பியாகத் துணி வியாபாரம் செய்கிறோம். எங்களுக்கும் இதே நடைமுறையா சார்?

உங்களுக்கு 2008ஆம் ஆண்டு எல்எல்பி சட்டம், அம்மா. வேலை கொஞ்சம் லேசு. பெயர் மாற்ற வழி உங்கள் எல்எல்பி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். எழுதவில்லை என்றால் பார்ட்னர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். உங்கள் இருவரில் ஒருவர் மறுத்தாலும் நடக்காது. எல்எல்பிக்கான ரன் சேவையில் பெயரை ஒதுக்கி வாங்கி, படிவம் 5 தாக்கல் செய்ய வேண்டும். ஒப்பந்தத்திலும் பெயரைத் திருத்தி, 30 நாளுக்குள் படிவம் 3 போட வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எல்எல்பி எண் மாறாது.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறோம். கம்பெனி எல்லாம் இல்லை, என் பெயரில் ஜிஎஸ்டி மட்டும் இருக்கிறது. நானும் இதெல்லாம் செய்ய வேண்டுமா அண்ணாச்சி?

வேண்டாம் அக்கா. உங்களுடையது தனிநபர் தொழில். ஜிஎஸ்டி பதிவிலும் உணவு உரிமத்திலும் பேங்கிலும் கடைப் பெயரைத் திருத்தினால் போதும்.

கங்கைகொண்டான் சிப்காட்டில் யூனிட் இருக்கிறது. சான்றிதழ் வந்துவிட்டது. இனி யாரிடமெல்லாம் சொல்ல வேண்டும்?

ஜிஎஸ்டியில் 15 நாள் கெடு, ஆர்இஜி-14 படிவத்தில் திருத்தம் கேளுங்கள். கூடவே பான் பெயர்த் திருத்தம். புது பான் வாங்கிவிடாதீர்கள், பழைய எண்ணில் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். டான் (வரிப் பிடித்தத்துக்கான எண்), பேங்க் கணக்கு, பிஎஃப், இஎஸ்ஐ, உத்யம் (சிறுதொழில் பதிவு), தொழிற்சாலை உரிமம், மின் இணைப்பு, இன்சூரன்ஸ் என்று பட்டியல் நீளும். நிலம் சிப்காட் குத்தகையில் இருப்பதால் அவர்களுக்கும் எழுதி, பதிவேட்டில் புதுப் பெயர் ஏறியதற்குக் கடிதம் வாங்கி வையுங்கள். பின்னால் அந்தக் குத்தகையைக் காட்டிக் கடன் கேட்கும்போது பேங்க் அதைத்தான் முதலில் கேட்கும்.

பழைய பெயரை உடனே எடுத்துவிடலாமா? போர்டை ஆங்கிலத்தில் மட்டும் வைக்கலாமா?

இரண்டும் கூடாது. பெயர் மாற்றியதிலிருந்து 2 வருடத்துக்குப் போர்டிலும் லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் புதுப் பெயரோடு பழைய பெயரும் இருக்க வேண்டும். ‘முன்பு இன்ன பெயர்’ என்று கீழே சின்னதாகப் போட்டால் போதும். பழைய வாடிக்கையாளருக்கும் அது உதவி. ஆபீஸ் வாசல் போர்டில் அந்த வட்டாரத்து மொழி எழுத்தும் இருக்க வேண்டும் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது, ஆக இங்கே தமிழ் கட்டாயம். மீறினால் நாளுக்கு 1,000 ரூபாய், 1 லட்சம் வரை அபராதம். கம்பெனிக்குத் தனி, பொறுப்பில் இருக்கும் அதிகாரி ஒவ்வொருவருக்கும் தனி. போர்டு எழுதக் கொடுக்கும்போதே சான்றிதழின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். எழுத்து பிசகாமல் வரும்.