நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது, ராத்திரியெல்லாம் கத்துகிறது: 14 வயதுப் பூனைக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டுப் பூனைக்கு 14 வயது. பெண், கருத்தடை செய்தது. போன வருடம் 4.2 கிலோ இருந்தது, இப்போது 3.4 கிலோ. சாப்பாடு குறையவே இல்லை, முன்பைவிட அதிகமாகத்தான் கேட்கிறது. தண்ணீரும் நிறையக் குடிக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு மேல் அடித்தொண்டையில் கத்த ஆரம்பிக்கிறது. லிட்டர் ட்ரேயை விட்டுவிட்டு மிதியடியில் சிறுநீர் போகிறது. வயசானால் இப்படித்தான் என்கிறார்கள். தூங்குவதற்கு ஏதாவது மாத்திரை கொடுக்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தூக்க மாத்திரை வேண்டாம். பூனைக்கு 14 என்பது நமக்கு 70 தாண்டிய மாதிரி, உண்மைதான். ஆனால் நன்றாகத் தின்கிற பூனை வெறும் வயதால் ஐந்தில் ஒரு பங்கு எடையை இழக்காது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் தைராய்டு. பத்து வயதுக்கு மேற்பட்ட பூனைகளுக்குத் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பது சர்வசாதாரணம். பெரும்பாலும் அது புற்றுநோய் அல்லாத சிறு கட்டியால் வருகிறது. உடம்பின் எரிப்பு வேகம் கூடிவிடுவதால் எவ்வளவு தின்றாலும் போதவில்லை. தசை கரைகிறது, முதுகெலும்பு கையில் தட்டுகிறது, ரோமம் எண்ணெய் பிசுக்கோடு கொத்துக் கொத்தாக நிற்கிறது. சில பூனைகள் அடிக்கடி வாந்தி எடுக்கும். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 220-ஐத் தாண்டுவதும் உண்டு. அப்படி ஓடிக்கொண்டே இருக்கிற உடம்புக்கு ராத்திரி எப்படி அமைதி வரும்?

இதற்கு ரத்தத்தில் டி4, அதாவது தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவைப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மனிதர்களுக்கான லேபில் கொடுத்தால் ரிப்போர்ட்டில் மனிதருக்கான அளவுதான் அச்சாகி வரும். நமக்கு டி4 டெசிலிட்டருக்குச் சுமார் 5 முதல் 12 மைக்ரோகிராம் வரை சரி. பூனைக்கு உச்சவரம்பே ஏறக்குறைய 4-தான். உங்கள் பூனைக்கு 6 வந்திருந்தால் அந்தத் தாளில் ‘நார்மல்’ என்று இருக்கும், பூனையோ நோயோடு வீட்டுக்கு வரும். தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனை அளக்கிற டிஎஸ்எச் பரிசோதனைக்கும் இதே கதி, மனிதருக்கான கிட் பூனைக்குச் செல்லாது. கால்நடை மருத்துவர் வழியாக, விலங்குகளுக்கான லேபுக்கே அனுப்பச் சொல்லுங்கள். அறிகுறி இவ்வளவு தெளிவாக இருந்தும் டி4 2.5-க்கும் 4-க்கும் நடுவில் வந்தால் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. சில வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள், அல்லது ஃப்ரீ டி4 (புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் தனியாக ஓடும் பங்கு) கேட்பார்கள்.

இரண்டாவது சந்தேகம் சிறுநீரகம். தண்ணீர் அதிகம் குடிப்பதற்கு இரண்டுமே காரணமாகலாம், இரண்டும் ஒரே பூனையிடம் சேர்ந்தும் இருக்கலாம். அதனால்தான் ஒரே ஒரு டெஸ்டோடு நிறுத்தக் கூடாது. தைராய்டு கூடினால் சிறுநீரகத்துக்குப் பாயும் ரத்தமும் கூடும். அதோடு தசை குறைவதால், தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் உற்பத்தியும் குறைகிறது. ஆகவே பழுதான சிறுநீரகம்கூட ரிப்போர்ட்டில் நல்லதாகத் தெரியும். தைராய்டுக்கு மருந்து ஆரம்பித்த பிறகு அந்தத் திரை விலகி, கிரியேட்டினின் ஏறுகிறது. “மாத்திரை கொடுத்துக் கிட்னியைக் கெடுத்துவிட்டார்கள்” என்று பலர் மருந்தை நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். மருந்து கெடுக்கவில்லை, மறைந்திருந்ததைக் காட்டியது. அளவைச் சரிக்கட்டித் தொடர வேண்டுமே தவிர, பாதியில் விடக் கூடாது.

கிரியேட்டினினை மட்டும் நம்பவும் வேண்டாம். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால்வாசி போன பிறகுதான் அது வரம்பைத் தாண்டும். சிறுநீரின் அடர்த்தி அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். ஆரோக்கியமான பூனையின் சிறுநீர் நல்ல அடர்த்தி, பொதுவாக 1.035-க்கு மேல் (வெறும் தண்ணீர் 1.000). எஸ்டிஎம்ஏ என்ற ரத்தப் பரிசோதனை கிடைத்தால் அதுவும் சீக்கிரமே சொல்லும். சர்க்கரை நோயையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடலாம். பயத்தில் பூனையின் சர்க்கரை தற்காலிகமாக ஏறும் என்பதால், ஏறியிருந்தால் ஃப்ரக்டோசமைன் (கடந்த ஓரிரு வாரச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட்) பார்த்து உறுதி செய்வார்கள்.

பலரும் கேட்க மறப்பது ரத்த அழுத்தம். பூனைக்கும் பிபி உண்டு. தைராய்டு, சிறுநீரகம் இரண்டுமே அதை ஏற்றும். முன்னங்காலிலோ வாலடியிலோ சின்னப் பட்டை சுற்றிப் பார்ப்பார்கள். மேல் அளவு 160 என்றால் கவலை, 180 என்றால் அவசரம். ராத்திரிக் கத்தலுக்கு இதுவே காரணமாக இருப்பதும் உண்டு. கவனிக்காமல் விட்டால் விழித்திரை பிரிந்து ஒரே ராத்திரியில் பார்வை போய்விடும். வெளிச்சத்திலும் கருவிழி நடுவில் உள்ள கண்பாப்பா அகலத் திறந்தே இருக்கிறது, சுவரில் முட்டுகிறது என்றால் அன்றைக்கே ஓடுங்கள்.

தைராய்டு என்று உறுதியானால் கார்பிமசோல் அல்லது மெதிமசோல் மாத்திரை எழுதுவார்கள், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும். தயவுசெய்து வீட்டுப் பெரியவர்களின் தைராய்டு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். நம் வீடுகளில் இருப்பது அநேகமாகத் தைராக்ஸின், அதாவது குறைவாகச் சுரப்பவர்களுக்கானது. பூனைக்கு வந்திருப்பது நேர் எதிர் நோய், எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான் அது. மாத்திரையை உடைப்பதானால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். முதல் சில வாரங்களில் வாந்தி, பசியின்மை, முகத்தைப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொள்வது இவற்றைப் பார்த்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் டி4, கிரியேட்டினின், ரத்த அணுக்கள் மூன்றையும் மறுபடி பார்த்தாக வேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும் முன் நீங்களே இரண்டு கணக்கு எடுத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. ஒன்று தண்ணீர். காலையில் கிண்ணத்தில் 400 மில்லி அளந்து ஊற்றுங்கள். அதே மாதிரிக் கிண்ணத்தில் அதே அளவு ஊற்றி, பூனைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நம் வெயிலில் ஆவியாகிப் போவதை அந்த இரண்டாவது கிண்ணம் சொல்லும். மறுநாள் அதே நேரத்தில் இரண்டிலும் மிச்சத்தை அளந்து கழித்தால், குடித்தது எவ்வளவு என்று கிடைக்கும். குளியலறை வாளி, மாடித் தொட்டி எல்லாம் அன்று மூடியிருக்க வேண்டும். கிலோவுக்கு 50 மில்லி என்று வைத்தால் உங்கள் பூனைக்கு 170. அதைத் தாண்டினால் சந்தேகம், 340-ஐத் தொட்டால் சந்தேகமே இல்லை. மீனும் கறியும் தின்கிற பூனைக்கு உணவிலேயே ஈரம் இருப்பதால் அது இதைவிடக் குறைவாகத்தான் குடிக்க வேண்டும்.

இன்னொன்று எடை. நாம் ஏறி நின்று பார்க்கும் தராசு இதற்கு உதவாது, 100 கிராம் இப்படி அப்படி ஆகும். பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் கூடையோடு மாட்டி, கூடையின் எடையைக் கழியுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில். ஒரு மாதத்தில் 150 கிராம் குறைவது இந்த அளவுப் பூனைக்குப் பெரிய விஷயம்.

மிதியடியில் சிறுநீர் போவதைப் பழிவாங்கல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறையக் குடிக்கிற பூனைக்கு ட்ரே சீக்கிரம் நனைந்துவிடும், நனைந்த ட்ரேயில் கால் வைக்க அதற்குப் பிடிக்காது. கூடவே மூட்டுத் தேய்மானம். 12 வயதுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலான பூனைகளுக்கு அது தெரியும், ஆனால் நொண்டாது. கட்டிலுக்கு ஒரே தாவலில் ஏறியது இப்போது நாற்காலி வழியாக ஏறும், இடுப்புப் பக்கம் நக்கிச் சுத்தம் செய்வது குறையும். டைல்ஸ் தரையில் நடக்கும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்டால் நகத்தைப் பாருங்கள். கிழப் பூனையின் நகம் தடித்து, வளைந்து, பாதத்தின் மெத்தைக்குள்ளேயே குத்தி இறங்கிவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிவிடுங்கள். ட்ரேயின் ஒரு பக்கத்தை மட்டும் தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரம் இருக்கும்படி அறுத்துவிடுங்கள், இன்னொரு ட்ரேயை அது படுக்கும் அறையிலேயே வையுங்கள்.

எல்லா ரிப்போர்ட்டும் சுத்தமாக வந்து, பிபியும் சரி, பல்லும் சரி என்ற பிறகுதான் மூளை முதுமை என்ற முடிவுக்கு வரலாம். அது உண்மையிலேயே இருக்கிறது. 15 வயதுக்கு மேல் ஏறக்குறைய பாதிப் பூனைகளிடம் ஏதாவது ஓர் அடையாளம் தெரியும்: மூலையைப் பார்த்தபடி நிற்பது, தின்ற பத்தாவது நிமிடம் மறுபடி கேட்பது, பகலிரவு மாறுவது. காது மந்தமானாலும் கத்தல் கூடும், தன் குரலே அதற்குக் கேட்பதில்லை. தூங்கும்போது பின்னாலிருந்து காகிதத்தைக் கசக்கிப் பாருங்கள், காது அசைகிறதா என்று. இப்படிப்பட்ட பூனைக்கு நடைவழியில் சின்ன ராத்திரி விளக்கு, படுக்கும் முன் ஒரு வேளைச் சாப்பாடு, சாமான்களை இடம் மாற்றாமல் இருப்பது, இவை மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும்.

சாப்பாட்டில் பால் சோறும் தயிர் சாதமும் போதாது, பூனைக்குத் தேவை இறைச்சிப் புரதம். உப்பில்லாமல் வேகவைத்த கோழி கொடுக்கலாம், ஆனால் வெங்காயம், பூண்டு போட்ட குழம்பிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது, அவை பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். கருவாடு உப்பு, அதை நிறுத்துங்கள். சிறுநீரக உணவு என்று விற்பதை நீங்களாகவே ஆரம்பிக்க வேண்டாம். பாஸ்பரஸ் குறைந்த அந்த உணவு சிறுநீரக நோய் உறுதியான பூனைக்குத்தான், அதுவும் சில வாரங்களில் மெல்லக் கலந்து மாற்ற வேண்டும். எந்த உணவாக இருந்தாலும் இரண்டு நாள் முழுப் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்து, ‘பசித்தால் தின்னும்’ என்ற கணக்கு பூனையிடம் செல்லாது.

வலி என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும், அதை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, பின்னங்கால்கள் திடீரென்று விழுந்து சில்லிட்டுப் போவது, வலிப்பு, சிறுநீர் வராமல் முக்குவது: இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது.

உங்களுக்குப் பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயானாலும் தனியார் மருத்துவரிடமானாலும், டி4 அனுப்புவார்களா, பூனைக்கு பிபி பார்க்கும் கருவி இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். சிறுநீர் எடுக்க, கழுவிக் காயவைத்த மீன்தொட்டிக் கூழாங்கல்லைச் சுத்தமான ட்ரேயில் மெல்லிசாகப் பரப்புங்கள். பூனை எழுந்து போனதும் ஊசி இல்லாத சிரிஞ்சால் ஐந்து மில்லி உறிஞ்சிச் சுத்தமான டப்பாவில் மூடுங்கள். உடனே போக முடியாவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். ரத்தம் எடுக்கப் போகிறார்கள் என்று ராத்திரி முழுக்கப் பட்டினி போட வேண்டாம், தண்ணீரையும் எடுத்துவிட வேண்டாம். கூடையை இரண்டு நாள் முன்பே திறந்து வைத்து, அது படுக்கிற பழைய துணியை உள்ளே போட்டுவிட்டால் அன்று காலை துரத்திப் பிடிக்கும் வேலை இருக்காது, பிபி அளவும் பயத்தில் ஏறாமல் ஓரளவு சரியாக வரும்.